காற்று வில் அமைப்பில் பழுது கண்டறியும் முறை

பஸ், லாரி முதலிய கனமான மோட்டார் வண்டிகளின் உடற்பகுதி சக்கர அச்சின்மீது நேரடியாக அமர்வதில்லை. இரண்டிற்கும் இடையே வில் ஒன்று உண்டு. நெடுங்காலமாக இவ்வில் எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்யப்பட்டு வந்தது. அந்த இடத்தை இப்பொழுது பல பஸ்களில் அழுத்தமூட்டிய காற்று பிடித்துக்கொண்டுள்ளது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1953-ஆம் ஆண்டிலேயே காற்று வில் பொருத்திய பஸ்களைச் செய்து விற்றது. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு வோல்வோ பஸ்கள் ஓடத் தொடங்கிய பின்னரும், 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி டெல்லியில் தாழ்தளப் பஸ்கள் பெருந்தொகையாக வந்த பின்னரும் இவ்வமைப்பு பலருக்கும் அறிமுகமாயிற்று. ஆனால் அதில் பழுது காணும் முறை அதே வேகத்தில் பரவியதாகக் கூற இயலாது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அப்பக்கத்துக் காற்றுப்பையை மாற்றுவது என்பதே பல பணிமனைகளில் முதல் வைத்தியமாக இருந்து வருகிறது. பை விலை மிகுந்த பொருள். அதுவன்றி, பல சமயங்களில் அது குற்றவாளியுமன்று. வேறொரு உறுப்பின் குறையால் அடிபட்டது அது. காரணத்தைக் களையாமல் பையை மட்டும் மாற்றினால் புதிய பையும் அதே கதியை அடையும்.

இவ்வமைப்பிற்குத் தமிழில் 'தொங்கமைப்பு' என்னும் பெயரும் வழங்குகிறது. வண்டியில் எதுவும் தொங்கவில்லையே என்று மாணவர் வினவக்கூடும். பழைய குதிரை வண்டிகளில் உடற்பகுதியைத் தோல்வார்களில் தொங்கவிட்டிருந்தனர்; வார் போய்விட்ட பிறகும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இக்கட்டுரையில் 'காற்று வில்' என்னும் சொல்லையே கையாளுவோம்; பொருள் அதில் தெளிவாக இருக்கிறது.

காற்று செல்லும் வழி

பழுது காண விரும்புவோர் முதலில் காற்று செல்லும் வழியை வரிசையாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எஞ்சினால் இயங்கும் கம்ப்ரெஸர் வெளிக்காற்றை அழுத்துகிறது. அக்காற்று ஏர் டிரையர் என்னும் ஈரம் உறிஞ்சும் கலத்தின் வழியே சென்று பிரேக்கிற்குரிய தொட்டிகளை முதலில் நிரப்புகிறது. அதன் பிறகே, குறித்த அழுத்தம் வந்தால் மட்டும் திறக்கும் பாதுகாப்பு வால்வு ஒன்றின் வழியாக வில் அமைப்பின் தொட்டிக்குச் செல்கிறது. பிரேக்கிற்கு முதலுரிமை என்பதே இந்த ஏற்பாட்டின் கருத்து. தொட்டியிலிருந்து புறப்படும் குழாய் மட்ட வால்வுக்குச் செல்கிறது. பணிமனையில் இதை லெவலிங் வால்வு என்பார்கள். இவ்வால்வு வண்டியின் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் கைப்பிடி ஓர் இணைப்புக் கோலால் சக்கர அச்சுடன் சேர்க்கப்பட்டிருக்கும். ஆட்கள் ஏறி வண்டி தாழ்ந்தால் கைப்பிடி மேல்நோக்கித் தள்ளப்படும். வால்வு திறந்து பையினுள் காற்று செல்லும். ஆட்கள் இறங்கி வண்டி உயர்ந்தால் கைப்பிடி கீழே வரும். மிகுதியான காற்று வெளியேற்றுத் துளை வழியே சீறிக்கொண்டு போகும். கைப்பிடி நடுநிலையில் இருக்கும்போது இரு வழிகளும் அடைபட்டிருக்கும். நிறுத்தத்தில் பயணிகள் இறங்கும்போது கேட்கும் சீறல் பழுதன்று என்பது இதனால் விளங்கும். அது வால்வு தன் வேலையைச் செய்யும் ஒலி.

மட்ட வால்வுகள் பொதுவாக ஒரு பஸ்ஸில் மூன்று இருக்கும். ஓர் அச்சுக்கு ஒன்று, மற்ற அச்சுக்கு இரண்டு. சக்கர மூலைகள் நான்காயிருக்க வால்வு ஏன் மூன்று? மூன்று கால் முக்காலி எத்தகைய தரையிலும் ஆடாமல் நிற்கும்; நான்கு கால் நாற்காலி சற்று மேடுபள்ளமான தரையில் ஆடும். ஒரு தளத்தை நிர்ணயிக்க மூன்று புள்ளிகள் போதும். நான்காவது வால்வு இருந்தால் அவை ஒன்றோடொன்று போட்டியிட்டு, குறுக்கெதிரான இரு மூலைகளில் காற்றை ஏற்றியும் மற்ற இரண்டில் இறக்கியும் சட்டத்தை முறுக்கும். வடிவகணித ஆசிரியருக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

உயரம் வேறு, அழுத்தம் வேறு

பழுது காண்பதில் நேரும் குழப்பங்களில் பெரும்பகுதி ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறக்கிறது. வண்டி தாழ்ந்திருந்தால் பையில் அழுத்தம் குறைந்திருக்கும் என்பதே அவ்வெண்ணம். உண்மை அவ்வாறன்று. பையின் அழுத்தத்தை நிர்ணயிப்பது அதன்மேல் உள்ள பாரம்; வண்டியின் உயரத்தை நிர்ணயிப்பது பையினுள் இருக்கும் காற்றின் அளவு.

ஒரு பையின் பயனுறு பரப்பு 400 சதுர சென்டிமீட்டர் என்றும், அது தாங்கும் பாரம் 2,000 கிலோகிராம் என்றும் கொள்வோம். அப்பொழுது அழுத்தமானி சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் காட்டும். பாதி ஆட்கள் இறங்கிப் பாரம் 1,000 கிலோகிராம் ஆனால் 2.5 காட்டும். இப்பொழுது பாரத்தை மாற்றாமல் பையிலிருந்து சிறிது காற்றை மட்டும் வெளியேற்றினால் என்ன நிகழும்? வண்டி தாழும், அழுத்தமோ ஏறக்குறைய முன்போலவே இருக்கும், ஏனெனில் பாரம் குறையவில்லை. வண்டி மேலும் தாழ்ந்து, பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் முட்டின்மீது அமர்ந்த பிறகே அழுத்தம் விழத் தொடங்கும். ஏனெனில் அப்பொழுது பாரத்தை முட்டு ஏற்றுக்கொள்கிறது.

ஆசிரியர்கள் இதை ஊசியில்லாத பெரிய பிளாஸ்டிக் ஸிரிஞ்சைக் கொண்டு வகுப்பிலேயே காட்டலாம். அதன் முனையை அடைத்து, தண்டின்மேல் புத்தகம் ஒன்றை வைத்தால் தண்டு ஓரளவு இறங்கி நிற்கும். இரண்டாவது புத்தகத்தை வைத்தால் மேலும் இறங்கும். ஆனால் முதல் தடவை இறங்கிய அளவு இறங்காது. பாயிலின் விதியை இங்கே கண்ணால் காணலாம். காற்று வில் அழுத்த அழுத்த விறைப்பது இதனால்தான். முனையின் அடைப்பைச் சற்றே தளர்த்தினால் புத்தகத்தின் எடை மாறாமலே தண்டு மெல்ல இறங்குவதையும் மாணவர் காண்பர். அதுவே கசிவு.

இதனால் பழுது காண்போருக்குக் கிடைக்கும் உதவி பெரிது. மூலை ஒன்று தாழ்ந்திருக்கிறது. ஆனால் பையின் அழுத்தம் மறுபக்கத்துப் பையின் அழுத்தத்திற்கு ஒத்திருக்கிறது என்றால், பை காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் போதிய அளவு காற்று வழங்கப்படவில்லை என்பது பொருள். இணைப்புக் கோல் வளைந்துள்ளதா, அதன் நீளத்தை யாரேனும் மாற்றியமைத்துவிட்டனரா, மட்ட வால்வின் வடிகட்டி அடைபட்டதா என்று பார்த்தல் வேண்டும். அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டதென்றால் மட்டும் கசிவைத் தேடுக.

அடியில் செல்லுமுன்

எக்காரணம் கொண்டும் காற்றினால் மட்டும் தாங்கப்பட்டிருக்கும் வண்டியின் அடியில் செல்லலாகாது. ஒரு குழாய் கழன்றால் போதும். பல டன் எடையுள்ள உடற்பகுதி கண் இமைக்கும் நேரத்தில் முட்டின்மேல் விழும். அந்த இடைவெளியில் மனிதனின் தலைக்கோ மார்புக்கோ இடமில்லை. ஜாக்கியும் போதாது. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடை கொடுத்து, சட்டத்தின் அடியில் உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே அடியில் செல்லவேண்டும். குழாய் எதையும் கழற்றுமுன் அதிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றுக. கழற்றி வெளியே எடுத்த பையை, சோதிப்பதற்காகத் தரையில் வைத்துக் காற்றடிப்பது வெடிகுண்டோடு விளையாடுவதற்கு ஒப்பாகும்.

இரவு நிறுத்திச் சோதித்தல்

விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, அளவு நாடா ஒன்றும் சாக்கட்டி ஒன்றும் கொண்டு செய்யக்கூடிய சோதனை இது. இதைச் செம்மையாகச் செய்தால் பழுதின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் கண்டுவிடலாம்.

முதலில் டயர்களின் காற்றைச் சரிபார்க்கவும். ஒரு டயரில் காற்று குறைந்து வண்டி சாய்ந்திருக்க, காற்று வில்லைக் குறை கூறுவது முறையன்று. பின்னர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தொட்டி நிரம்பும்வரை எஞ்சினை ஓட்டி நிறுத்துக. ஒவ்வொரு மூலையிலும் அச்சிலிருந்து சட்டம்வரை உள்ள உயரத்தை அளந்து, அளந்த இடத்தில் சாக்கட்டியால் குறியிடுக. தரையிலிருந்து அளக்க வேண்டாம். டிப்போக்களின் தரை ஒரே மட்டமாக இருப்பது அபூர்வம். தொட்டியின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்க. சில மணி நேரம் கழித்து ஒருமுறையும், மறுநாள் காலை எஞ்சினைத் தொடங்குமுன் ஒருமுறையும் மீண்டும் அளக்கவேண்டும். எஞ்சினைத் தொடங்கிவிட்டால் சாட்சி அழிந்துவிடும்.

காலையில் காணக்கூடிய நிலைகளையும் அவற்றின் பொருளையும் சற்று ஆழ்ந்து சிந்திப்போம்.

தொட்டி காலியாகிவிட்டது, ஆனால் நான்கு மூலைகளும் குறியிட்ட உயரத்திலேயே நிற்கின்றன என்று கொள்வோம். மட்ட வால்வின் நுழைவாயிலில், காற்றை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு உள்ளது. தொட்டியின் பக்கம் காற்று போய்விட்டாலும் பையின் காற்று பின்னோக்கி ஓடாதபடி அது தடுக்கிறது. ஆகவே கசிவு மட்ட வால்வுக்கு முன்னால், அதாவது தொட்டி, அதன் அடியிலுள்ள வடிகுழாய், பாதுகாப்பு வால்வு, இடைப்பட்ட குழாய் இவற்றுள் ஒன்றில் இருக்கிறது. பைகளைத் தொடவேண்டிய அவசியமே இல்லை.

தொட்டியும் காலி, ஒரு மூலையும் தாழ்ந்துவிட்டது என்று கொள்வோம். இங்குதான் பலர் ஏமாறுகின்றனர்: தொட்டியில் ஒரு கசிவு, பையில் மற்றொரு கசிவு என்று இரண்டு பழுதுகளைத் தேடத் தொடங்குகின்றனர். பழுது ஒன்றே. பையிலிருந்து காற்று கசியக் கசிய, மட்ட வால்வு தன் கடமைப்படி தொட்டியிலிருந்து எடுத்து அதை ஈடுசெய்துகொண்டே இருந்தது. எஞ்சின் நின்றிருந்தாலும் வால்வுக்கு அது தெரியாது. தொட்டி வற்றும்வரை வண்டி நிமிர்ந்தே நின்றது. வற்றிய பிறகு அம்மூலை மட்டும் தாழ்ந்தது. மற்ற மூலைகளை அவற்றின் ஒருவழி வால்வுகள் காத்தன. தாழ்ந்த மூலையே குற்றமுள்ள மூலை. இரவின் நடுவில் அளந்தபோது உயரங்கள் மாறாமலும் தொட்டியின் அழுத்தம் மட்டும் குறைந்தும் இருந்திருந்தால் இக்கதை முழுவதும் உறுதிப்படும். ஒரே வால்வினால் இரு பைகள் இயங்கும் அச்சில் இரண்டும் சேர்ந்தே தாழும் என்பதை மறத்தலாகாது. அவ்விடத்தில் இரு பக்கமும் சோதித்தல் வேண்டும்.

மூன்றாவதாக, தொட்டி நிறைந்திருக்க மூலை தாழ்ந்திருக்கும் நிலை. காற்று இருக்கிறது, செல்லவில்லை. இணைப்புக் கோல் கழன்று கைப்பிடி தவறான நிலையில் கிடக்கலாம், குழாய் மடிந்திருக்கலாம், வால்வே இறுகிப்போயிருக்கலாம். கோலைக் கழற்றிக் கைப்பிடியைக் கையால் உயர்த்திப் பார்த்தால் விடை கிடைக்கும். சில வால்வுகள் சில விநாடிகள் தாமதித்தே செயற்படும். சாலையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் காற்றை வீணாக்காதிருக்க வேண்டுமென்றே அவ்வாறு செய்யப்பட்டுள்ளது. ஆகையால் கைப்பிடியை உயர்த்தியவுடன் ஒலி கேட்கவில்லையென்று வால்வைத் தள்ளிவிடாமல் சற்றுப் பொறுத்தல் நன்று.

நான்கு மூலைகளும் ஒரே அளவாகச் சிறிது தாழ்ந்திருந்தால்? மாலையில் 40 டிகிரி சென்டிகிரேட் இருந்த காற்று விடியற்காலை 20 டிகிரிக்குக் குளிர்ந்ததென்றால், அதன் கன அளவு நூற்றுக்கு 6 பங்கு சுருங்கும். 10 லிட்டர் கொள்ளும், 400 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பையில் இது ஒன்றரைச் சென்டிமீட்டர் அளவு தாழ்வாகத் தோன்றும். தொட்டியில் காற்று மிஞ்சியிருந்தால் மட்ட வால்வு இதையும் ஈடுசெய்துவிடும்; இல்லையேல் தாழ்வு கண்ணுக்குத் தெரியும். சார்லஸின் விதியைக் கசிவென்று எண்ணிப் பழுது பார்க்கப் புகுவது வீண்.

மூலை இன்னதென்று தெரிந்தபின் துல்லியமான இடத்தைக் காணச் சோப்பு நீரே சிறந்தது. தூரிகையால் பையின் மடிப்பிலும், பை உலோகத் தட்டைப் பற்றும் விளிம்பிலும், குழாய் மூட்டுகளிலும் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்கவேண்டும். பையிலும் மூட்டிலும் குமிழியே இல்லையென்றால் மட்ட வால்வின் வெளியேற்றுத் துளைக்குக் குறுக்கே சோப்புப் படலத்தை இழுத்துப் பார்க்கவும். கைப்பிடி நடுநிலையில் இருக்கும்போது படலம் உப்பினால் வால்வின் உள்ளடைப்பு தேய்ந்துள்ளது. அங்கும் இல்லையா? தொட்டி காலியாக உள்ள நிலையில் நுழைவாயிலின் குழாயைக் கழற்றி, அவ்வாயிலில் படலத்தை வைக்கவும். அங்கே உப்பினால் ஒருவழி வால்வு தவறிவிட்டது. பையின் காற்று வந்த வழியே திரும்பிச் சென்றிருக்கிறது. நல்ல பையைக் கழற்றி எறிந்த பிறகும் வண்டி மறுநாள் சாய்ந்தே நிற்பதற்கு இச்சிறு அடைப்பு காரணமாக இருத்தல் கூடும்.

பை சொல்லும் செய்தி

பை உண்மையிலேயே சேதமுற்றிருந்தால் அதைக் கழற்றியவுடன் எறிந்துவிடாமல், சேதம் எவ்வகையானது என்று பார்த்தல் வேண்டும். வயதினாலும் வெயிலினாலும் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுவது இயல்பு. உள்ளிருக்கும் நூலடுக்கு வெளியே தெரிந்தால் தாமதமின்றி மாற்றவேண்டும். ஒரு பக்கம் மட்டும் உராய்ந்து மழுங்கியிருந்தால் அச்சு தன் இடத்தைவிட்டு நகர்ந்துள்ளது; அச்சைப் பிடித்து நிறுத்தும் தண்டுகளின் ரப்பர்ப் புஷ்கள் தேய்ந்தனவா என்று காண்க. விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் பை அளவுக்கு மீறி நீட்டப்பட்டுள்ளது. பல பஸ்களில், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அச்சு மிகவும் கீழே போய்விடாமல் தடுப்பது ஷாக் அப்சார்பர்தான். அதன் கொக்கி முறிந்திருந்தால் அடுத்த பள்ளத்தில் புதிய பையும் பிய்யும். பை நசுங்கி முட்டின் தடம் பதிந்திருந்தால் காற்றில்லாமல் வண்டியை நெடுந்தூரம் ஓட்டியிருக்கிறார்கள்.

டிரைவரின் சொல்லையும் கேட்டல் வேண்டும். ஆனால் அதை உள்ளபடியே எடுத்துக்கொள்ள இயலாது. "வண்டி முரடாக ஓடுகிறது" என்று அவர் கூறினால் அதற்கு எதிரெதிரான இரு காரணங்கள் உண்டு. பை காலியாகி வண்டி முட்டின்மேல் அமர்ந்தாலும் முரடாக ஓடும்; இணைப்புக் கோல் தவறாக அமைந்து பை அளவுக்கு மேல் நிரம்பி ஷாக் அப்சார்பரின் எல்லைவரை உயர்ந்து நின்றாலும் முரடாகவே ஓடும். பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி பலமுறை எழுந்து விழுந்தால் குறை காற்றிலன்று, ஷாக் அப்சார்பரில்.

நீரும் எண்ணெயும்

மழைக்காலத்தில் 30 டிகிரி உஷ்ணமும் நிறைந்த ஈரமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். அதை எட்டில் ஒரு பங்காக அழுத்தி அதே உஷ்ணநிலைக்குக் குளிரவிட்டால், அதில் 4 கிராம்கூட ஆவியாக நிற்கமாட்டாது. எஞ்சிய 26 கிராம் நீராக இறங்கிவிடும். மும்பை போன்ற கடற்கரை நகரங்களில் ஏர் டிரையர் செயலிழந்தால் தொட்டியில் நீர் எவ்வளவு விரைவில் சேரும் என்பதை இக்கணக்கு உணர்த்தும். அந்நீர் வால்வின் உட்புறத்தை அரிக்கும். லடாக் போன்ற மலைப் பகுதிகளின் குளிரில் உறைந்து வழியையே அடைக்கும். ஆகவே தொட்டியின் வடிகுழாயைத் திறந்து என்ன வருகிறது என்று பார்க்காமல் எந்தச் சோதனையும் நிறைவுபெறாது. வெறும் காற்று வந்தால் நலம். நீர் வந்தால் ஏர் டிரையரைக் கவனிக்கவும். பால்போல் வெளுத்த குழம்போ, கரிய பிசினோ வந்தால் கம்ப்ரெஸரிலிருந்து எண்ணெய் ஏறுகிறது. ஈரம் உறிஞ்சும் பொருளை அது பூசி மெழுகிவிடும். இந்நிலையில் மட்ட வால்வை மட்டும் மாற்றுவதால் பயனில்லை.

பிரேக்குடன் உள்ள தொடர்பு

வில் அமைப்பின் பழுதை வசதிக் குறைவு என்று மட்டும் கருதுவோர் உண்டு. வில்லும் பிரேக்கும் ஒரே கம்ப்ரெஸரின் காற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. வில்லில் பெருங்கசிவு ஏற்பட்டால் பாதுகாப்பு வால்வு மூடிக்கொண்டு பிரேக்கின் காற்றைக் காக்கவேண்டும். அவ்வால்வு துருப்பிடித்துத் திறந்தே நின்றுவிட்டால், தாழ்ந்த மூலையின் வழியே பிரேக்கின் காற்றும் போகும். வில் தொட்டியின் காற்றைத் திறந்துவிட்டுப் பிரேக் தொட்டியின் அழுத்தமானி எந்த அளவில் நிற்கிறது என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவிற்குக் கீழே அது இறங்கினால் வண்டியை வெளியே அனுப்பலாகாது.

இரண்டாவது தொடர்பு அவ்வளவு வெளிப்படையானதன்று. காற்று வில் பொருத்திய பல வண்டிகளில், பின்சக்கரப் பிரேக்கின் வலுவைப் பாரத்திற்கேற்ப மாற்றும் வால்வு, பாரத்தை அறிவது பையின் அழுத்தத்தைக் கொண்டுதான். மேலே கண்டபடி பையின் அழுத்தமே வண்டியின் தராசு. பையிலிருந்து அவ்வால்வுக்குச் செல்லும் சிறு குழாய் அறுந்தாலோ, பை காலியாகி முட்டு பாரத்தைத் தாங்கினாலோ, நிறைந்த வண்டியைக் காலி வண்டி என்று அவ்வால்வு எண்ணிப் பின்பிரேக்கைத் தளர்த்தும். இந்திய ரயில்வேயின் பல பெட்டிகளில் காற்றுப்பை சேதமுற்றால் அதை அறிவித்துப் பிரேக்கையும் இடும் கருவி பொருத்தப்பட்டுள்ளது. பல பஸ்களில் அத்தகைய காவலன் இல்லை. காலையில் வண்டியைச் சுற்றி வரும் பணியாளரின் கண்ணே அங்கு காவல்.

மின்னணு முறையில் இயங்கும் புதிய வண்டிகளில் இணைப்புக் கோலின் இடத்தில் உயரம் உணரும் கருவியும், மட்ட வால்வின் இடத்தில் மின்வால்வுத் தொகுதியும் உள்ளன. பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவியை இணைத்தவுடன் அது ஓர் எண்ணைக் காட்டும். அவ்வெண் பழுதுபட்ட மின்சுற்றைச் சுட்டுமேயன்றி, மாற்றவேண்டிய உறுப்பைச் சுட்டுவதில்லை. உயரம் உணரும் கருவியின் தண்டு ஒரு கல்லடியால் வளைந்திருந்தாலும் 'உயரம் எட்டப்படவில்லை' என்பதே செய்தி. பையில் கசிவு இருந்தாலும் அதே செய்தி. மின்சாரக் கம்ப்ரெஸர் உள்ள கார்களில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சிறு கசிவை ஈடுசெய்ய இடைவிடாது ஓடி ஓடி அது சூடேறிக் கருகுகிறது. கருகிய கம்ப்ரெஸரைக் கண்டு புதியதைப் பொருத்துமுன், வண்டியை ஓர் இரவு நிறுத்தி, நான்கு மூலைகளிலும் சாக்கட்டிக் குறியிட்டு, காலையில் அளந்து பார்க்கவேண்டும்.